அவன் பாக்குறது எங்கட முகத்த

2022 மார்ச் கடைசி, இலங்கையில பொருளாதார நெருக்கடி முத்தி கரண்ட ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டின கிழமை. எங்கட மகனுக்கு அப்ப ஆறு கிழமை. நாங்க இருக்கிறது மட்டக்களப்பில, திராய்மடுவில, சுனாமிக்குப் பொறகு நாவலடிப் பக்கத்து ஆக்களுக்குக் கட்டின வீடுகள்ல ஒண்டு, சின்ன வீடு, பேன் நிண்டா உள்ளுக்க இருக்க ஏலாது. இவர் மண்ணெண்ணெய் வரிசையில கேனக் கொண்டு நிக்கப் போனவர், ராவு ஒம்பது மணியாகியும் வரல்ல. மகன் பொழுதுபடத் தொடங்கின அழுகை இன்னும் நிக்கல்ல.

பால் குடுத்தன், துணி மாத்தினன், வயித்தத் தடவினன், தோள்ல போட்டுத் தட்டினன், ஏணையில போட்டு ஆட்டினன், மறுகா தூக்கிப் பால் குடுத்தன், எல்லாம் அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா மாத்தி மாத்தி. ஒண்டும் சரிவரல்ல. அவன் அழ அழ எனக்கு நெஞ்சு அடிக்குது, கை இறுகுது, நான் தட்டுற தட்டுப் பலமா விழுகுது எண்டு எனக்கே விளங்குது, ஆனா நிப்பாட்ட ஏலாமக் கெடக்கு. அவன் முதுக வளைச்சுக்கொண்டு இன்னும் கத்துறான். கடைசியா நானும் சத்தம் போட்டு அழுதிட்டன்.

அம்மா குப்பி விளக்கோட குசினியில இருந்து வந்தா. நான் நினைச்சன் புள்ளய வாங்குவா எண்டு. வாங்கல்ல. "ஏணையில போடு" எண்டா. போட்டன். "போய்க் கிணத்தடியில முகத்தக் கழுவு புள்ள. அழுறதெண்டா அழுது முடிச்சிட்டு வா. ரெண்டு பேரும் ஒரே நேரத்தில அழுதா ஆர் ஆரத் தேத்துற?"

கிணத்தடிக் கட்டில ஒரு பத்து நிமிசம் இருந்திருப்பன். தண்ணி குளிரா இருந்திச்சு. திரும்பி வரக்குள்ள அவன் அம்மாட கையில அழுதுகொண்டுதான் இருந்தான், ஆனா நான் வாங்கின விதம் வேற, கை இளகியிருந்திச்சு, மூச்சு கொஞ்சம் ஆறுதலா வந்திச்சு, அவன என்ட நெஞ்சில படுக்க வெச்சிட்டு சும்மா இருந்தன், ஒண்டும் செய்யல்ல. கால் மணித்தியாலத்தில நித்திரையாயிட்டான். என்ட கை இளகினதுதான் காரணம் எண்டு சத்தியம் பண்ண மாட்டன், அழுது களைச்சும் இருப்பான். ஆனா அந்த ராவுதான் எனக்கு முதல் தடவையா விளங்கினது, இவ்வளவு நாளும் அவன்ட அழுகை என்னக் குழப்புது எண்டு மட்டும்தான் நான் நினைச்சிருக்கன், என்ட குழப்பமும் அவனுக்குள்ள போகுது எண்டத யோசிக்கவே இல்ல.

பொறகு தேடி வாசிக்கக்குள்ள பாத்தன், 2014ல அமெரிக்காவில இதயே சோதிச்சிருக்காங்க. ஒரு வயசு தாண்டின புள்ளைகள்ட தாய்மார வேற அறைக்குக் கூட்டிப்போய் முகஞ்சுளிக்கிற ஆக்களுக்கு முன்னால பேசச் சொல்லிப் பதட்டப்படுத்திட்டு மறுகா புள்ளயிட்டக் குடுத்திருக்காங்க. அந்தக் கூத்து ஒண்டையும் புள்ள காணல்ல, ஆனா தாய் தூக்கின கொஞ்ச நேரத்தில அதுட நெஞ்சுத் துடிப்பும் கூடிட்டு. எனக்கு இதுக்கு ஆய்வே தேவையில்ல, கிணத்தடி போதும். எண்டாலும் வாசிக்க ஆறுதலா இருந்திச்சு, நான் விசரி இல்ல எண்டு.

கைக்குழந்தை வெச்சிருக்கிற ஆக்களுக்கு நான் முதல்ல சொல்லுறது இதத்தான். உங்களுக்கு ஏலாமப் போற நேரம் புள்ளய மல்லாக்க, பாதுகாப்பான இடத்தில போட்டுட்டு அஞ்சு பத்து நிமிசம் அங்கால போங்க. அழும்தான், அழுறதால ஒண்டும் ஆகாது. ஆனா ஆத்திரத்தில ஒரு குலுக்குக் குலுக்கினா மூளைக்குள்ள ரத்தம் கசியும், அந்தக் கழுத்துக்கு அவ்வளவுதான் பலம், அதத் திருப்பி எடுக்க ஏலாது. நான் அண்டைக்கு அந்த இடத்துக்கு எவ்வளவு கிட்டப் போனன் எண்டு எனக்குத்தான் தெரியும். இத எழுதக்குள்ளயும் வெக்கமாத்தான் இருக்கு, ஆனா கனபேர் இதச் சொல்லாமத்தான் இருக்காங்க.

அந்த நாள்கள்ல வீட்டுக்கு வந்தவங்க ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு காரணம் சொன்னாங்க. பால் காணாது எண்டு ஒருத்தர், நான் பலாப்பழம் திண்டதால வயித்துக்குத்து எண்டு இன்னொருத்தர், செவ்வாப்பு எண்டு ஒருத்தர். கொக்கட்டிச்சோலையில இருந்து தயிர்ச்சட்டியோட வந்த மாமி, "எங்கட ஆக்கள்ல இப்பிடி அழுற புள்ள இல்லயே" எண்டு மட்டும் சொன்னா. அதுதான் எல்லாத்திலயும் கூடச் சுட்டது.

காரணம் ஒண்டுமே தேவையில்ல எண்டு சொன்னது மிட்வைஃப் மிஸ்தான். புத்தகத்தத் திறந்து நிறைக் கோட்டக் காட்டினா, வடிவா ஏறிக்கொண்டு போகுது, அப்ப பால் காணும். புள்ளைகள்ட அழுகை பிறந்து ரெண்டு கிழமைக்குப் பொறகு கூடிக்கொண்டு போய் ஆறாம் கிழமை அளவில உச்சிக்கு வரும், மூண்டு நாலு மாசத்தில தானாக் குறையும் எண்டா. பிரேசல்ட்டன் எண்ட அமெரிக்க டாக்குத்தர் 1962லயே இதக் கணக்கெடுத்து எழுதியிருக்காராம். அதுவும் கூடுதலா அழுறது பின்னேரத்திலதான். எங்கட மகன் சொல்லிவெச்ச மாதிரி அந்த ஆறாம் கிழமையிலதான் நிண்டிருக்கான், அதுவும் நாட்டில கரண்டும் இல்லாத அதே கிழமை. கேக்க எனக்குச் சிரிப்பு வந்திட்டு, கனநாளைக்குப் பொறகு. (சுகமில்லாத அழுகை வேற. காய்ச்சல், பால் குடிக்காம விடுறது, சோந்து போறது, சத்தி, மூச்செடுக்கக் கஷ்டப்படுறது இருந்தா கேட்டுக்கொண்டு இருக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.)

நாவூறு பத்தியும் சொல்லத்தான் வேணும். அம்மம்மா ரெண்டு நாளைக்கு ஒருக்கா உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்து சுத்திப் போடுவா. எனக்கு அதில நம்பிக்கை இல்ல, இவருக்குச் சுத்தமா இல்ல. ஆனா நடக்கிறதப் பாத்தா அதில ஒரு விசயம் இருக்கு. அம்மம்மா வந்தா நான் புள்ளய மடியில வெச்சுக்கொண்டு கிழக்கப் பாத்து அசையாம இருக்கணும், ஆரும் கதைக்கக் கூடாது, டிவி நிப்பாட்டணும், எல்லாரும் புள்ளயத்தான் பாக்கணும். அந்த அஞ்சு நிமிசம் வீட்டில ஒரு சத்தம் இல்ல. நான் இருந்தபடி மூச்சு விடுறன். "எல்லாம் போயிட்டு மனே" எண்டு அம்மம்மா அவன்ட நெத்தியத் தடவுவா. கண்ணூறு போச்சோ இல்லயோ, எனக்குள்ள இருந்த ஏதோ ஒண்டு போகும், அவனும் அடங்குவான். அவ சுத்திப் போட்டது எனக்குத்தான் எண்டு இப்ப நினைக்கன்.

எல்லாம் அப்பிடி லேசாப் போகல்ல. சுவரப் பாத்துக்கொண்டு இருப்பன். அவன் அழுதா தூக்குவன், பால் குடுப்பன், கழுவுவன், ஆனா உள்ளுக்க ஒண்டும் இல்ல, மிசின் மாதிரி. ஒரு நாள் மிட்வைஃப் மிஸ் வந்து ஒரு பேப்பர் தந்தா, 10 கேள்வி, ஒவ்வொண்டுக்கும் நாலு பதில், போன ஏழு நாள் எப்பிடி இருந்தீங்க எண்டு. 1987ல எடின்பரோவில உண்டாக்கினது, இப்ப எங்கட நாட்டிலயும் புள்ள பெத்த தாய்மாரிட்டக் கேக்குறாங்க. முதல் தரம் எல்லாத்துக்கும் நல்ல பதிலாப் பாத்துப் போட்டன். பக்கத்தில அம்மா இருந்தா, மாமியும் இருந்தா, ஆர் உண்மையச் சொல்லுவாங்க? அடுத்த தரம் மிஸ்ஸே அம்மாவப் பிளேன்டீ ஊத்த அனுப்பிட்டு மறுகா அந்தப் பேப்பரத் தந்தா. அப்பதான் எழுதினன்.

கிளினிக்கில டாக்குத்தர் கதைச்சா, ரெண்டு மூண்டு தரம் போனன். எனக்கு மருந்து தேவைப்படல்ல, சில ஆக்களுக்குத் தேவைப்படும், அது பிரஷர் குளிசை மாதிரித்தான், வெக்கப்பட ஒண்டும் இல்ல. எனக்குப் பெரிய மருந்தா வேலை செய்தது நித்திரை. டாக்குத்தர் அம்மாவக் கூப்பிட்டு, ராவு ஒம்பதில இருந்து ஒரு மணி மட்டும் புள்ள உங்கட பொறுப்பு எண்டு சொல்லிட்டா. நான் கறந்து வெச்சிட்டு உள் அறையில கதவச் சாத்திட்டுப் படுப்பன். நாலு மணித்தியாலம் விடாம நித்திரை. ஒரு கிழமையில சுவர் பாக்குறது குறைஞ்சிட்டு. எங்கட பக்கத்தில கலியாணம் முடிச்சா மாப்பிள்ளை பொண்ணுட வீட்டுக்கு வாறதுதானே வழக்கம், அதால எனக்கு அம்மாவும் தங்கச்சியும் அம்மம்மாவும் ஒரே வளவில இருந்தாங்க. அப்பிடி ஆக்கள் இல்லாம கொழும்பிலயோ வெளிநாட்டிலயோ தனியாப் புள்ள வளக்கிறவங்கள நினைச்சா எனக்கு உண்மையாப் பயமாத்தான் இருக்கு. கதைக்க ஆள் இல்லாட்டி 1926க்கு அடியுங்க, தேசிய மனநல உதவி இலக்கம், சும்மா அழுறதுக்கும் அடிக்கலாம்.

மகன் பொறந்த அதே மாசம் பெரியம்மாட மகளுக்கும் ஒரு பொம்புளப்புள்ள கிடைச்சிது, ரெண்டு வளவு தள்ளி. அவ அழவே மாட்டா. பாலக் குடிச்சிட்டு ஏணையில கிடந்து ஓட்டப் பாத்துக்கொண்டு இருப்பா. வாறவங்க எல்லாரும் அவவத்தான் தூக்குவாங்க, கொஞ்சுவாங்க, அவவும் சிரிப்பா, அதால இன்னும் தூக்குவாங்க. எங்கட மகன ஒருத்தர் தூக்கினா ரெண்டு நிமிசத்தில உதடு பிதுங்கும், "இந்தா பிடி, தாய தேடுறான்" எண்டு திருப்பித் தந்திடுவாங்க. நான் கவனிச்சுப் பாத்தன், ஒரே ஆக்கள், ஒரே கை, ஆனா அவவுக்குக் கிடைக்கிற உலகம் வேற, இவனுக்குக் கிடைக்கிற உலகம் வேற. தாய்தான் புள்ளய உருவாக்குற எண்டு எல்லாரும் சொல்லுறாங்க. புள்ளயும் தாய உருவாக்குது. அந்தப் புள்ளட தாய, என்ட பெரியம்மாட மகள் அக்காவ, எல்லாரும் பொறுமைசாலி எண்டாங்க. என்ட மகன ஒரு நாள் அவட்டக் குடுத்துப் பாக்கணும் எண்டு நினைச்சன், கோபத்திலதான். பொறகு குடுத்தும் பாத்தன், ஒரு பின்னேரம் முழுக்க. பொழுதுபடக் கொண்டு வந்து தந்திட்டு "எப்பிடி புள்ள சமாளிக்க?" எண்டா. அண்டைக்கு நானும் பொறுமைசாலியாயிட்டன்.

இவருக்கும் இதுதான் நடந்தது. இவர் தூக்கினா மகன் அழுவான், அழுதா உடன என்னட்டத் தந்திடுவார், தந்தா பழக்கம் வராது, பழக்கம் இல்லாட்டி அடுத்த தரம் தூக்குறதும் பயந்து பயந்துதான், அதுக்கும் அவன் அழுவான். சுத்திச் சுத்தி வாற ஒரு வட்டம். அரசாங்க வேலையில தகப்பன்மாருக்குக் கிடைக்கிறது மூண்டு நாள் லீவு, அதில என்னத்தப் பழகுற. அம்மாதான் வழி சொன்னா, "தம்பி, குளிப்பாட்டுற வேலைய நீங்க எடுங்க." முதல் நாலஞ்சு நாள் பெரிய சண்டைதான், காலுக்கு மேல போட்டு எண்ணெய் தடவுறது ஆம்புளைக்கு லேசில்ல. நான் குசினிக்குள்ள இருந்து பல்லக் கடிச்சுக்கொண்டு இருந்தன், எட்டிப் பாக்கல்ல. பத்தாம் நாள் போல இருக்கும், உள்ளுக்க சத்தம் இல்ல. மெல்லமாப் பாத்தா இவர் ஏதோ சிங்களப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு முதுகத் தேய்க்கார், அவன் இவர்ட முழங்காலக் கட்டிப்பிடிச்சிட்டுக் கிடக்கான். எட்டிப் பாக்காம இருந்ததுதான் நான் செய்த வேலை. தகப்பன் தூக்கக்குள்ள பக்கத்தில நிண்டு "அப்பிடிப் பிடியாதீங்க, இப்பிடிப் பிடிங்க" எண்டு சொல்லுற தாய்மாருக்கு இதச் சொல்லுறன், நானும் அப்பிடித்தான் சொன்னன்.

ஏழாம் கிழமை சிரிச்சான். நித்திரையில சிரிக்கிறதில்ல, என்னப் பாத்து. நான் நுளம்பு வலைய மடிச்சுக்கொண்டு இருந்தன், குனிஞ்சு என்னடா எண்டு கேட்டன், வாயத் திறந்து முழு முகத்தாலயும் சிரிச்சான். இந்தச் சிரிப்பு ஆறு எட்டுக் கிழமையில வாறதுதான், எல்லாப் புள்ளைகளுக்கும் வரும். ஆனா எனக்கு அண்டைக்கு ஆரோ சம்பளம் தந்த மாதிரி. அதுக்குப் பொறகு அவன்ட அழுகையே குறைச்சலாக் கேட்ட மாதிரி இருந்திச்சு, அழுகை அதே அளவுதான், கேக்குற காது மாறிட்டு.

பொறந்த புள்ளைக்கு ஒரு சாண் ஒண்டரைச் சாண் தூரம்தான் தெளிவாத் தெரியும், பால் குடிக்கக்குள்ள எங்கட முகம் இருக்கிற தூரம். அந்தத் தூரத்தில முகத்த வெச்சு மெல்லமாக் கதைச்சா "ங்கூ" எண்டு பதில் தருவான். நான் சொல்ல, அவன் சொல்ல, நான் சொல்ல. இதில நான் செய்த பிழை, அவன் சிரிச்சா விடமாட்டன், கிச்சுக்கிச்சு மூட்டி, கை தட்டி, இன்னும் இன்னும் எண்டு. ஒரு கட்டத்தில தலையத் திருப்பி யன்னலப் பாப்பான். நான் கிறுகி அங்கால போய் மறுகா முகத்தக் காட்டுவன். அவன் இங்கால திருப்புவான். கடைசியில அழுகை. தலையத் திருப்புறது வெறுப்பில இல்ல, அவனுக்குக் காணும், மூச்சு எடுக்கான். சும்மா இருந்தா தானாத் திரும்பி வருவான். இத விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு மாசம் எடுத்திச்சு. வீட்டுக்கு வாற சொந்தக்காரருக்கு விளங்கப்படுத்த இன்னும் ஏலாமக் கிடக்கு.

போன் கதைக்கு வாறன். ஏப்ரல் மே மாசம் எல்லாரும் போனுக்குள்ளதான் இருந்தம், எங்க பெற்றோல் வந்திருக்கு, எங்க கேஸ் வந்திருக்கு, கொழும்பில என்ன நடக்குது எண்டு. மகன் மடியில கிடக்கான், நான் போனப் பாக்கன். ஒரு நாள் தங்கச்சி எதிர்ல இருந்து பாத்திட்டு, "அக்கா, அவன் உன்னக் கூப்பிட்டுக் கூப்பிட்டு விட்டுட்டான்" எண்டா. என்ன எண்டு கேட்டன். முதல்ல உன்னப் பாத்துச் சிரிச்சான், பொறகு காலடிச்சான், சத்தம் போட்டான், நீ பாக்கல்ல, இப்ப சுவரப் பாத்துக்கொண்டு கிடக்கான் எண்டா. கிறுகிப் பாத்தன். சுவரத்தான் பாத்துக்கொண்டு கிடந்தான். நான் முந்திப் பாத்த அதே மாதிரி.

அதுக்குப் பொறகுதான் எட்வர்ட் ட்ரோனிக் எண்ட அமெரிக்க உளவியலாளர்ட பரிசோதனை பத்தித் தெரியும். 1978ல வெளிவந்தது. தாய் புள்ளையோட நல்லா விளையாடிட்டு, திடீரெண்டு ரெண்டு மூண்டு நிமிசம் முகத்த அசைக்காம, சிரிக்காம, கல்லு மாதிரி வெச்சிருக்கணும். புள்ள முதல்ல சிரிச்சுப் பாக்கும், சத்தம் போட்டுப் பாக்கும், கைய நீட்டும், ஒண்டும் நடக்காட்டி தலையத் திருப்பிக்கொண்டு வாடிப்போகும். தாய் அங்கதான் இருக்கா, ஆனா இல்ல. யூடியூப்ல வீடியோ இருக்கு, நான் முழுசாப் பாக்கல்ல, ஏலாமப் போச்சு.

அதப் பாத்திட்டு ரெண்டு நாள் குற்ற உணர்ச்சியில கிடந்தன், என்ட புள்ளய நான் கெடுத்திட்டன் எண்டு. ஆனா அதே ட்ரோனிக்தான் இன்னொண்டும் சொல்லியிருக்கார், அத ஏன் ஆரும் அவ்வளவாச் சொல்லுறதில்ல எண்டு தெரியா. நல்லா இருக்கிற தாயும் புள்ளயும் கூட, விளையாடுற நேரத்தில ஒத்துப்போறது மூண்டில ஒரு பங்கு அளவுதானாம். மிச்ச நேரம் முழுக்க அவ ஒண்டு நினைக்கா, புள்ள ஒண்டு கேக்குது, பிழைச்சுப் போகுது, மறுகா சரியாகுது. அந்த மறுகா சரியாகுறதுதான் முக்கியமாம், அதிலதான் புள்ள "போனது திரும்பி வரும்" எண்டு பழகுது. போன நான் எறியல்ல. பால் குடுக்கக்குள்ள மட்டும் எடுக்கிறதில்ல, அதுவும் கண்டிப்பு இல்ல, ராவு மூண்டு மணிக்குப் போன் இல்லாட்டி நானும் நித்திரையாயிடுவன். ஆனா தலைய நிமித்தினா முதல்ல அவன்ட முகத்தப் பாத்து "வந்திட்டன்" எண்டு சொல்லுவன். அது பழக்கமாயிட்டு.

தூக்கித் தூக்கிக் கைப்பழக்கம் ஆக்கிப்போட்ட எண்டு ஊரே சொல்லும். 1972ல பெல், எய்ன்ஸ்வேர்த் எண்ட ரெண்டு பேர் அமெரிக்காவில 26 தாயையும் புள்ளையையும் ஒரு வருசமாப் பாத்து, முதல் மாசங்கள்ல அழுகைக்குக் கெதியாப் பதில் குடுத்த தாய்மார்ட புள்ளைகள் ஒரு வயசில குறைச்சலா அழுதாங்க எண்டு எழுதியிருக்காங்க. 1991ல நெதர்லாந்துக்காரர் மறுகா பாத்து, அது அப்பிடி நேர்க்கோடு இல்ல, சின்னச் சிணுங்கலுக்குக் கொஞ்சம் பொறுத்தாலும் பரவாயில்ல எண்டமாதிரி முடிவுக்கு வந்திருக்காங்க. எனக்கு ரெண்டும் சரியாத்தான் படுது. கத்துற அழுகைக்கு ஓடுவன். நித்திரைச் சிணுங்கலுக்கு ஒரு நிமிசம் பாத்துக்கொண்டு இருப்பன், பாதி நேரம் தானாத் தூங்கிடுவான்.

நித்திரையாக்குறதுக்கு எனக்கு உண்மையில உதவினது ஜப்பான்காரர் 2022ல எழுதின ஒண்டு. அழுற புள்ளயத் தூக்கிக்கொண்டு அஞ்சு நிமிசம் நிக்காம ஒரே சீரா நடக்கணும், இருந்துகொண்டு வெச்சிருந்தா அவ்வளவு சரிவராது. நித்திரையானதும் உடன போடக் கூடாது, இருந்து அஞ்சில இருந்து எட்டு நிமிசம் மடியில வெச்சிட்டுத்தான் படுக்கையில போடணும். போடுற நேரம் முழிக்கிறதுதானே எல்லார்ட பிரச்சினையும், முதுகு பாயில படுறதில முழிக்கிறதில்லயாம், எங்கட உடம்ப விட்டு விலகத் தொடங்கக்குள்ள முழிக்குதாம். நாங்க முந்தி நாலு எட்டு நடந்து ஏணைக்குப் போறது, திரும்பி வாறது. இவர் வளவுக்குள்ள மாமரத்தச் சுத்தி அஞ்சு நிமிசம் நடப்பார், பொறகு திண்ணையில குந்தி எட்டு நிமிசம். பத்துக்கு ஏழு தரமாவது சரிவரும்.

84 வேலை நாள் முடிஞ்சு ஜூன் மாசம் கந்தோருக்குப் போகத் தொடங்கினன், பெற்றோல் இல்ல, சைக்கிள்லதான். அப்ப அவனுக்கு நாலு மாசம், ஆர் தூக்கினாலும் இருந்தான். பிரச்சினை வந்தது எட்டு ஒம்பது மாசத்தில. புதுமுகத்தக் கண்டா அழுகை, நான் எழும்பினா அழுகை. அம்மா சொன்னா, அவன் காணாம குசினிப் பக்கத்தால போயிடு எண்டு. போனன், ஒரு கிழமை. அந்த நேரம் அழல்ல உண்மைதான். ஆனா வீட்டில இருக்கக்குள்ள என்ன விடுறதே இல்ல, கக்கூசுக்குப் போனாலும் கதவடியில தவண்டு வந்து கத்துறான், ராவு ரெண்டு மூண்டு தரம் ஒழும்பி நான் கிடக்கிறனா எண்டு தடவிப் பாக்கான். எப்ப மாயமாப் போவன் எண்டு தெரியாட்டி நானும் அப்பிடித்தான் காவல் இருப்பன்.

அதுக்குப் பொறகு முன் வாசலாலதான் போறன். குந்தி, முகத்தப் பாத்து, "அம்மா கந்தோருக்குப் போயிட்டு வாறன் மனே" எண்டு சொல்லி, கைய ஆட்டிட்டு, கிறுகிப் பாக்காமப் போயிடுவன். ரெண்டு கிழமை வாசல்ல பெரிய அழுகை. அம்மா போன்ல சொல்லுவா, நீ சந்திக்குப் போக முதலே நிப்பாட்டிட்டான் எண்டு. என்ட முகமும் ஒரு விசயம் எண்டு பிந்தித்தான் பிடிபட்டிச்சு. நான் அழப்போற முகத்தோட "போயிட்டு வாறன்" எண்டா, போறது ஆபத்தான இடம் எண்டுதானே அவன் நினைப்பான்.

முகத்தில இருந்து புள்ள எவ்வளவு எடுக்குது எண்டத நான் முழுசாக் கண்டது கல்லடிக் கடற்கரையிலதான். 2023 மார்ச், அவனுக்கு ஒரு வயசும் ஒரு மாசமும். நாங்க நாவலடி ஆக்கள், ஒரு பக்கம் கடல், மத்தப் பக்கம் வாவி, நடுவிலதான் முந்தி எங்கட வீடு. 2004 டிசம்பர் 26ல எனக்குப் பன்னிரண்டு வயசு. சின்னம்மா போயிட்டா. அதுக்குப் பொறகு அம்மா கடற்கரைக்குப் போனதில்ல, கல்லடிப் பாலத்தால பஸ்ஸில போனாலும் மடியத்தான் பாப்பா. அண்டைக்கு இவர்தான் வலிய ஆட்டோ பிடிச்சு அம்மாவையும் ஏத்திட்டார், புள்ளைக்குக் கடலக் காட்டுவம் எண்டு.

மணல்ல இறக்கி விட்டம். அப்பதான் நடக்கப் பழகின புள்ள. அலை வந்து போற இடத்துக்கு ரெண்டு எட்டு வெச்சான், நிண்டான், கிறுகி என்னப் பாத்தான். நான் சிரிச்சுக்கொண்டு "போ மனே, போ" எண்டன். இன்னும் ஒரு எட்டு. மறுகா கிறுகினான், இந்தத் தரம் அம்மாவ. அம்மா ஒண்டும் சொல்லல்ல, சத்தம் போடல்ல, வாயில சீலைத் தலைப்ப வெச்சுக்கொண்டு நிண்டா. அந்த முகத்த நான் பன்னிரண்டு வயசில கண்டிருக்கன். அவன் கொஞ்ச நேரம் அந்த முகத்தப் பாத்திட்டு அப்பிடியே மணல்ல குந்திட்டான். பொறகு தவண்டு பின்னால வந்து அம்மாட கால இறுக்கிப் பிடிச்சிட்டான். கடல் அவன ஒண்டும் செய்யல்ல, ஒரு துளி தண்ணி கூடப் படல்ல.

1985ல இதுக்கும் ஒரு ஆய்வு இருக்கு. ஒரு வயசுப் புள்ளைகள ஒரு மேசையில விட்டு, நடுவில பள்ளம் மாதிரித் தெரியுற, ஆனா கண்ணாடி மூடின இடத்தத் தாண்ட வெச்சுப் பாத்திருக்காங்க. அங்கால நிண்ட தாய் சந்தோசமா முகத்த வெச்சா 19 புள்ளைகள்ல 14 பேர் தாண்டி வந்தாங்க. பயந்த முகம் காட்டினா 17 பேர்ல ஒருத்தரும் வரல்ல. ஒரு சொல் இல்ல, முகம் மட்டும். எண்டா இருபது வருசத்துக்குக் கிட்டின ஒரு காலைப்பொழுது, அவன் பொறக்கவே இல்லாத ஒரு நாள், ஒரு முகத்தால அவனுக்குள்ள போயிட்டு.

வீட்ட வந்து இவர் மெல்லமாச் சொன்னார், அடுத்த தரம் அம்மா வேணாம், நாங்க ரெண்டு பேரும் கூட்டிப்போவம் எண்டு. எனக்கும் முதல்ல சரிதான் எண்டு பட்டிச்சு. ஆனா ஆறாம் கிழமையில ராவு ஒரு மணி மட்டும் அவன நெஞ்சில போட்டுக்கொண்டு இருந்தது அந்த முகம்தானே. அதோட கடலுக்குப் பயப்படுறது பிழை எண்டும் என்னால சொல்ல ஏலாது, கடல் எங்களுக்குச் செஞ்சது அப்பிடி. அம்மாட்ட நேராக் கேட்டன், "அவன் உங்கட முகத்தப் பாத்துத்தான் குந்தினான், கண்டீங்களா?" எண்டு. "கண்டன்" எண்டா. வேற ஒண்டும் கதைக்கல்ல, மீன் வெட்டிக்கொண்டு இருந்தா.

ரெண்டு மாசம் கழிச்சு ஒரு ஞாயிறு வெள்ளன, நாங்க வெளிக்கிடக்குள்ள அம்மா தானாச் சீலை மாத்திக்கொண்டு வந்தா. திருச்செந்தூர் முருகன் கோயிலடியில, சுனாமியில சரிஞ்ச கோபுரத்தக் கொஞ்ச நேரம் பாத்திட்டு நிண்டா. பொறகு கடலுக்கு முதுகக் காட்டிக்கொண்டு மணல்ல இருந்திட்டா, எங்களப் பாத்தபடி. மகன் ஈர மணல்ல நண்டு போன பொந்துகள நோண்டிக்கொண்டு போறான், ஒவ்வொரு தரமும் கிறுகிப் பாக்கான். அம்மாக்கு முகம் இறுக்கமாத்தான் இருந்திச்சு, நான் கவனிச்சன். ஒரு சிப்பியக் கொண்டு வந்து அவட மடியில போட்டான். அவ அத எடுத்து ஊதி மணல் தட்டிட்டு, அவனப் பாத்துச் சிரிச்சா. கடல இல்ல, அவனத்தான். அவன் அடுத்த சிப்பி எடுக்கப் போனான்.